செல்லப்பிராணிக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கலாமா? பாலிசி வாங்குமுன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

கால்நடை மருத்துவமனைச் செலவு இரண்டு வகை. தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணி மருந்து, ஆண்டுக்கொரு பரிசோதனை ஆகியவை முதல் வகை. இவை வரும் என்று தெரியும், ஏறக்குறைய எவ்வளவு ஆகும் என்றும் தெரியும். இன்னொரு வகை சொல்லாமல் வருவது. நாய்க்குட்டி காலுறையை விழுங்கிவிடும். ஆண் பூனை மணல் தட்டில் போய்ப் போய் உட்காரும், ஒரு சொட்டு சிறுநீர் இறங்காது. முதல் வகையை மாத வருமானத்திலேயே சமாளிக்கலாம். இரண்டாவது வகையில்தான், குணப்படுத்தக்கூடிய நோயாக இருந்தும், பணம் இல்லை என்ற ஒரே காரணத்தால் கருணைக்கொலைக்குச் சம்மதிக்கும் நிலைக்குப் பல குடும்பங்கள் வந்துவிடுகின்றன.

பெட் இன்ஷூரன்ஸ் இருப்பது இந்த இரண்டாவது வகைக்காக. "கட்டிய பணம் திரும்பி வருமா?" என்று கேட்டால், பெரும்பாலானவர்களுக்கு முழுதாக வராது. எல்லாரிடமும் வாங்கும் பிரீமியத்திலிருந்துதான் நிறுவனம் ஊழியர் சம்பளம், முகவர் கமிஷன், லாபம் எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டும். அதனால் லாப நட்டக் கணக்காக இதைப் பார்த்தால் குழப்பமே மிஞ்சும். ஒரே நாளில் வரும் பெரிய பில்லை உங்களால் தாங்க முடியுமா, முடியாவிட்டால் நீங்கள் பார்த்து வைத்திருக்கும் பாலிசி அந்த பில்லை உண்மையிலேயே தாங்குமா என்ற இரண்டையும் கண்டுபிடித்தால் போதும். கீழே உள்ளதெல்லாம் அதற்கான வழிதான்.

முதலில் இரண்டு எண்கள்

ஒரு தாளில் எழுதுங்கள்: இன்று இரவே, கடன் வாங்காமல், வேறு அவசியச் செலவில் கை வைக்காமல், எவ்வளவு கட்ட முடியும்? இது முதல் எண். வீட்டில் இருவர் இருந்தால் இருவரும் தனித்தனியாக எழுதி ஒப்பிடுங்கள். அநேகமாக இரண்டும் வேறு வேறாக இருக்கும். அந்தப் பேச்சை மருத்துவமனை வாசலில் பேசுவதைவிட இப்போதே பேசிவிடுவது நல்லது.

இரண்டாவது எண்ணை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது மூன்று சிகிச்சைகளுக்குத் தோராயச் செலவு கேளுங்கள். ஒன்று, விழுங்கிய பொருளைக் குடலிலிருந்து அறுவை செய்து எடுத்து மூன்று நாள் உள்நோயாளியாக வைத்திருப்பது. இரண்டு, நாயானால் பின்னங்கால் முட்டியில் தசைநார் அறுந்தால் செய்யும் அறுவை. பூனையானால் சிறுநீர் அடைப்புக்குக் குழாய் போட்டு மூன்று நாள் வைத்திருப்பது. மூன்று, நீரிழிவு போன்ற ஆயுள் முழுக்கத் தொடரும் நோய்க்கு ஓராண்டுச் செலவு. பிராணியின் எடையைச் சொல்லிக் கேளுங்கள். மயக்க மருந்து, ஆன்டிபயாடிக், இன்சுலின் எல்லாமே எடைக்கு ஏற்பத்தான், 40 கிலோ நாய்க்கு ஆகும் செலவு 5 கிலோ நாய்க்கு ஆகாது. வழக்கமான கிளினிக் இரவில் மூடிவிடும் என்றால், இரவில் நீங்கள் போகக்கூடிய 24 மணி நேர மருத்துவமனையிலும் அதே கேள்விகளைக் கேளுங்கள். பெரிய பில் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.

தொகை ஏன் அவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க, காலுறை விழுங்கிய நாயின் பில்லை வரிவரியாகப் படிப்போம். முதலில் பரிசோதனைக் கட்டணம், வேலை நேரம் கடந்திருந்தால் அவசரக் கட்டணம் தனி. துணி எக்ஸ்-ரேயில் தெளிவாகத் தெரியாது, அதனால் பல கோணங்களில் படம், பிறகு அல்ட்ராசவுண்ட். மயக்க மருந்தைத் தாங்குமா என்று அறிய ரத்தப் பரிசோதனை. வாந்தியெடுத்து நீர்ச்சத்து இழந்திருக்கும், ஆகவே அறுவைக்கு முன்பே டிரிப். அப்புறம் மயக்க மருந்து, அறுவை அரங்கு, மருத்துவர் கட்டணம். அடைபட்ட இடத்தில் குடல் அழுகியிருந்தால் அந்தத் துண்டை வெட்டியெடுத்து முனைகளை இணைக்க வேண்டும், அங்கே பில் இன்னொரு படி ஏறும். பிறகு உள்நோயாளிக் கட்டணம், வலி மருந்து, மறுபரிசோதனை, 10 முதல் 14 நாளில் தோல் தையல் பிரிப்பு. குடலில் போட்ட தையல் கசிந்தால், அது பெரும்பாலும் அறுவைக்குப் பின் 3 முதல் 5 நாளில் தெரியவரும். அப்போது மறுபடி வயிற்றைத் திறந்தாக வேண்டும், பில் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும்.

உங்கள் முதல் எண் இந்தத் தொகைகளைவிடப் பெரிதாக இருந்தால், இன்ஷூரன்ஸ் உங்களுக்கு அவசியமில்லை, விருப்பம் மட்டும்தான். சிறிதாக இருந்தால் தொடர்ந்து படியுங்கள்.

உங்கள் பிராணிக்கு எது வர வாய்ப்பு அதிகம்

லாப்ரடார் கண்டதையெல்லாம் விழுங்கும், மூட்டுப் பிரச்சினையும் அதிகம். ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு. டாக்ஸ்ஹண்டுக்கு முதுகெலும்புத் தட்டு பிதுங்கும். நேற்று ஓடிய நாய் இன்று பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு வரும், எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் அறுவையும் ஒரே வாரத்தில் தேவைப்படும். பக், ஃபிரெஞ்ச் புல்டாக் போன்ற தட்டை மூக்கு இனங்களுக்கு மூச்சுப்பாதை, கண், தோல் என மூன்றுமே தொல்லை. கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியலுக்கு இதய வால்வு. கிரேட் டேன் போன்ற ஆழ்ந்த மார்புள்ள பெரிய நாய்களுக்கு வயிறு காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும். அது சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும், அறுவையைத் தள்ளிப்போட முடியாது. பெர்ஷியன் பூனைக்குச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள், மெயின் கூனுக்கு இதயத் தசைத் தடிப்பு.

கலப்பின நாய்க்குப் பிரீமியம் பொதுவாகக் குறைவு. சில பரம்பரை நோய்களும் குறைவுதான். ஆனால் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸும் சாலை விபத்தும் புற்றுநோயும் கலப்பின நாய்களையும் விட்டுவைப்பதில்லை. வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்கு விபத்து குறைவு, அதனால் இன்ஷூரன்ஸ் தேவையில்லை என்று நினைப்பவர்கள் பலர். சிறுநீர் அடைப்பும் நீரிழிவும் வீட்டுக்குள்ளேயே சோம்பிக் கிடந்து எடை கூடிய பூனைகளுக்குத்தான் அதிகம் வருகின்றன. வயதான பூனைகளில் சிறுநீரக நோய் மிகச் சாதாரணம்.

உங்கள் இனத்துக்கு வரக்கூடிய இரண்டு மூன்று நோய்களைத் தாளில் எழுதிவையுங்கள். பாலிசியைப் படிக்கும்போது முதலில் தேட வேண்டியது அவற்றின் பெயர்களைத்தான். "பரம்பரை மற்றும் பிறவி நோய்களுக்குப் பொருந்தாது" என்ற ஒரு வரி இருந்தால், கலப்படமற்ற இன நாய் வைத்திருப்பவருக்கு அந்தப் பாலிசியில் பாதிப் பயன் போய்விடும்.

பாலிசிகளில் எத்தனை வகை

விபத்துக்கு மட்டுமான பாலிசி விலை குறைவு. எலும்பு முறிவு, வாகன விபத்து, விஷம், விழுங்கிய பொருள் இவற்றுக்குக் கிடைக்கும், நோய்க்குக் கிடைக்காது. குட்டிப் பருவம் தாண்டும்வரை மட்டும் பாதுகாப்பு வேண்டும் என்பவருக்கு இது போதலாம்.

விபத்தோடு நோயையும் சேர்த்த பாலிசிதான் பெரும்பாலோர் வாங்குவது. இதற்குள்ளேயே மூன்று விதம் உண்டு, விளம்பரத்தில் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். முதல் விதத்தில் ஒரு நோய் கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்து 12 மாதம் மட்டும் பணம் வரும், பிறகு அந்த நோய்க்கு எதுவும் கிடையாது. இரண்டாவது விதத்தில் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு மொத்தத் தொகை உண்டு, அது தீரும்வரை கிடைக்கும். மூன்றாவது விதத்தில் ஆண்டு உச்சவரம்பு இருக்கும், புதுப்பிக்கும்போதெல்லாம் அது மறுபடி முழுதாக நிரம்பும், பழைய நோய்க்கும் தொடர்ந்து பணம் கிடைக்கும்.

நீரிழிவு வந்த நாயை வைத்துப் பாருங்கள். தினம் இரண்டு வேளை இன்சுலின், ஊசி, அவ்வப்போது நாள் முழுக்க ரத்தச் சர்க்கரை அளவிடுதல், எல்லாம் ஆயுளுக்கும். முதல் விதப் பாலிசியில் ஓராண்டு கழித்து எல்லாம் உங்கள் தலையில். வேறு நிறுவனத்துக்கு மாறலாம் என்றால், அங்கே நீரிழிவு "ஏற்கெனவே இருந்த நோய்", அதற்குப் பணம் கிடைக்காது. ஆகவே மூன்றாவது விதத்தின் பிரீமியம் கட்டுப்படியாகுமானால் அதையே வாங்குங்கள் என்பது எங்கள் உறுதியான கருத்து. கட்டுப்படியாகாவிட்டால் உச்சவரம்பைக் குறைத்துக்கொள்ளுங்கள், விதத்தை மாற்றாதீர்கள்.

தடுப்பூசி, குடற்புழு மருந்து, கருத்தடை அறுவை ஆகியவற்றுக்கென்று கூடுதலாக ஒரு 'வெல்னஸ்' திட்டம் விற்பார்கள். அதற்கு ஆண்டுக்குக் கட்டும் தொகையையும், அதில் உண்மையில் நீங்கள் பயன்படுத்தப்போவதன் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் வித்தியாசம் சொற்பம். தெரிந்த செலவுக்கு இன்ஷூரன்ஸ் வேண்டியதில்லை.

நான்கு எண்களும் அவற்றின் வரிசையும்

பிரீமியம் தவிர மூன்று எண்கள் உங்கள் கைக்கு வரும் பணத்தைத் தீர்மானிக்கின்றன. டிடக்டிபிள் என்பது முதலில் நீங்களே கட்ட வேண்டிய தொகை. அதற்கு மேலுள்ளதில் நிறுவனம் தரும் சதவீதம் அடுத்தது. மிச்ச சதவீதம் உங்கள் பங்கு, இதைக் கோ-பே என்பார்கள். மூன்றாவது உச்சவரம்பு.

பில் 80,000, டிடக்டிபிள் 10,000, நிறுவனம் தருவது 80 சதவீதம், ஆண்டு உச்சவரம்பு 1,50,000 என்று வைத்துக்கொள்வோம். முதலில் டிடக்டிபிளைக் கழித்தால் 70,000, அதில் 80 சதவீதம் 56,000. நீங்கள் கட்டுவது 24,000. சில பாலிசிகள் வரிசையை மாற்றிப் போடும்: முதலில் 80 சதவீதம், அதாவது 64,000, அதிலிருந்து 10,000 கழித்து 54,000. உங்கள் பங்கு 26,000 ஆகிவிடும். எந்த வரிசை என்பது பாலிசி ஆவணத்தில் இருக்கும், விளம்பரத்தில் இருக்காது.

இதே பாலிசியில் பில் 12,000 என்றால் கிடைப்பது 1,600 மட்டும். பில் 2,50,000 என்றால் கணக்குப்படி 1,92,000 வர வேண்டும், ஆனால் உச்சவரம்பு 1,50,000-ல் நிறுத்திவிடும், ஒரு லட்சம் உங்கள் கையிலிருந்து. மருத்துவர் சொன்ன மூன்று தொகைகளையும் இப்படிப் போட்டுப் பாருங்கள். மூன்றிலும் உங்கள் பங்கு முதல் எண்ணுக்குள் அடங்கினால் அந்தப் பாலிசி உங்களுக்குப் பொருந்துகிறது. பெரிய பில்லில் அடங்கவில்லை என்றால், டிடக்டிபிளைக் கூட்டி அதனால் குறையும் பிரீமியத்தில் உச்சவரம்பை உயர்த்திப் பாருங்கள். சின்ன பில்லில் கொஞ்சம் அதிகம் கட்டலாம், பெரிய பில்லில் மாட்டக்கூடாது.

டிடக்டிபிள் ஆண்டுக்கு ஒரு முறையா, ஒவ்வொரு நோய்க்குமா, ஒவ்வொரு முறை போகும்போதுமா என்பதையும் கேளுங்கள். வருடத்தில் மூன்று முறை காதுத் தொற்று வரும் நாய்க்கு, ஒவ்வொரு முறையும் டிடக்டிபிள் கழித்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

இன்னும் ஒரு விஷயம், இதைப் புதியவர்கள் அநேகமாகக் கவனிப்பதே இல்லை. பல பாலிசிகளில் முதலில் நீங்கள் முழு பில்லையும் கட்டி, பிறகுதான் திரும்ப வாங்க வேண்டும். மருத்துவமனை முன்பணம் கேட்கும் அந்த இரவில் பாலிசி உங்கள் பையில் பணமாக மாறாது. ஆகவே கேளுங்கள்: நிறுவனம் நேரடியாக மருத்துவமனைக்குக் கட்டுமா? நீங்கள் போகும் மருத்துவமனை அதை ஏற்குமா? இல்லை என்றால், பணம் திரும்பி வரும்வரை தாங்க ஒரு கிரெடிட் கார்டு வரம்போ வேறு ஏற்பாடோ முன்கூட்டியே இருக்க வேண்டும்.

ஏற்கெனவே இருந்த நோய்: க்ளெய்ம்கள் விழும் இடம்

நிராகரிக்கப்படும் க்ளெய்ம்களில் இதைப் போல மனத்தை நோகடிப்பது வேறில்லை, ஏனென்றால் ஏமாற்ற நினைக்காதவர்களும் இதில் மாட்டுகிறார்கள். பாலிசி தொடங்குமுன், அல்லது காத்திருப்புக் காலத்துக்குள் (பாலிசி எடுத்தும் பணம் கேட்க முடியாத தொடக்க நாட்கள்), அறிகுறி தெரிந்திருந்தாலே அது ஏற்கெனவே இருந்த நோய். நோய்க்குப் பெயர் வைத்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை.

நிறுவனம் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? முதல் பெரிய க்ளெய்ம் வந்ததும், பிராணி பிறந்ததிலிருந்து போன எல்லா மருத்துவமனைகளிலிருந்தும் கேஸ் ஷீட்டைக் கேட்கும். குட்டியாக இருந்தபோது தடுப்பூசிக்குப் போன நாளில், போகிற போக்கில் நீங்கள் சொன்னதை மருத்துவர் இப்படி எழுதியிருப்பார்: "காதைச் சொறிகிறது. இரு காதும் லேசான சிவப்பு. ஒவ்வாமை?" அந்தக் கேள்விக்குறி மருத்துவருக்கு ஒரு சந்தேகம், அவ்வளவுதான். இரண்டு ஆண்டு கழித்துத் தோல் ஒவ்வாமைக்கு க்ளெய்ம் போடும்போது, பரிசீலிப்பவர் கண்ணுக்கு அது ஒரு தேதி. பாலிசி தொடங்கிய தேதிக்கு முந்தைய தேதி.

அதனால் பாலிசிக்கு விண்ணப்பிக்குமுன் உங்கள் பிராணியின் கேஸ் ஷீட் நகலை வாங்கி முழுதாகப் படியுங்கள். பதிவை அழிக்கச் சொல்லாதீர்கள். அது மோசடி, பிடிபட்டால் பாலிசியே ரத்தாகும். ஆனால் முழுமையில்லாத பதிவை முழுமையாக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அன்றைய சொறிதல் காதுப் பூச்சியால் என்று பிறகு தெரிந்து, மருந்தில் குணமாகியிருந்தால், "காதுப் பூச்சி உறுதி, சிகிச்சைக்குப் பின் குணம், ஒவ்வாமை அறிகுறி இல்லை" என்று தேதியோடு மருத்துவர் எழுதித் தரலாம். சில நிறுவனங்கள் முழுமையாகக் குணமாகி 6 அல்லது 12 மாதம் அறிகுறியில்லாமல் இருந்தால் அந்த நோயை மறுபடி ஏற்கின்றன. நீரிழிவு, சிறுநீரகச் செயலிழப்பு போன்ற தீராத நோய்களுக்கு இந்தச் சலுகை இல்லை.

இருபக்க விதி என்று ஒன்றும் இருக்கிறது. உடலில் ஜோடியாக உள்ள உறுப்புகளில் ஒரு பக்கம் முன்பே பாதிக்கப்பட்டிருந்தால், மறு பக்கத்துக்கும் கிடையாது என்பது அந்த விதி. முட்டித் தசைநார் விஷயத்தில் இது பலமாக அடிக்கும். ஒரு பக்கம் அறுந்த நாய்களில் 40 முதல் 60 சதவீதத்துக்குப் பின்னாளில் மறுபக்கமும் அறுகிறது. பெரும்பாலும் அங்கே தசைநார் ஒரே நாளில் அறுவதில்லை, இரு கால்களிலும் மெல்ல நைந்துகொண்டே வருகிறது. நிறுவனத்துக்கும் இது தெரியும். கேஸ் ஷீட்டில் "வலது பின்னங்காலை லேசாகத் தூக்குகிறது" என்ற ஒரு வரி இருந்தால், இடது காலுக்கான க்ளெய்ம் சிக்கலாகலாம்.

இதற்கெல்லாம் மருந்து ஒன்றுதான்: பிராணி ஆரோக்கியமாக இருக்கும்போது, சின்ன வயதில் எடுப்பது. 6 அல்லது 8 வாரக் குட்டியிலிருந்தே பல நிறுவனங்கள் சேர்த்துக்கொள்கின்றன. மேல்வரம்பும் பல இடங்களில் உண்டு, குறிப்பிட்ட வயதுக்கு மேல் புதிதாகச் சேர்க்க மாட்டார்கள். பெரிய இன நாய்களுக்கு அந்த வயது சீக்கிரமே வந்துவிடும்.

காத்திருப்புக் காலம்

பாலிசி எடுத்த மறுநாளே எல்லாம் கிடைக்காது. விபத்துக்கு உடனடியாகவோ சில நாட்களிலோ, நோய்க்குப் பெரும்பாலும் 14 நாளில், முட்டித் தசைநார் மற்றும் இடுப்பு மூட்டுக்கு 6 மாதம் அல்லது அதற்கும் மேல். குட்டியை வீட்டுக்குக் கொண்டுவரும் நாளுக்கு முன்பே விண்ணப்பித்து வைத்தால் இந்த நாட்களில் கொஞ்சம் மிச்சமாகும். பார்வோ வைரஸ் தொற்றிய சில நாட்களிலிருந்து இரண்டு வாரத்துக்குள் அறிகுறி காட்டும். வாங்கிவந்த முதல் வாரத்தில் குட்டி வாந்தியும் ரத்தக்கழிச்சலுமாகப் படுத்தால், அந்தச் செலவு அநேகமாக உங்களுடையதுதான்.

தனியாகச் சேமித்தால் போதாதா?

நியாயமான கேள்வி. பிரீமியம் மாதம் 500 என்றால், அதே 500-ஐத் தனிக் கணக்கில் போடலாமே? 12 ஆண்டில் 72,000 என்று கணக்குப் போடுவார்கள். ஆனால் பிரீமியம் அப்படியே நிற்காது. வயதோடு ஏறும், மருத்துவச் செலவு ஏற ஏறவும் ஏறும். ஆண்டுக்கு 10 சதவீதம் ஏறுவதாக வைத்தால் 12 ஆண்டில் கட்டியிருக்கும் மொத்தம் சுமார் 1,28,000, பன்னிரண்டாம் ஆண்டில் மாதம் சுமார் 1,427. இதையும் அறிந்துகொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். முதல் ஆண்டுப் பிரீமியத்தைப் பார்த்து வாங்கி, பிராணிக்கு வயதாகி நோய் வரும் காலத்தில் கட்ட முடியாமல் விடுவதுதான் ஆக மோசமான முடிவு. கட்டியதும் போய், பாதுகாப்பும் போய்விடும்.

சேமிப்பின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. மூன்றாம் மாதம் நாய் காலுறையை விழுங்கினால் கணக்கில் 1,500தான் இருக்கும். தொடக்க ஆண்டுகளில் சேமிப்பு கைகொடுக்காது, அப்போது இன்ஷூரன்ஸ் வலுவாக நிற்கும். எந்த நோயும் பதிவில் இல்லை, பிரீமியமும் குறைவு. பிற்காலத்தில் சேமிப்பு வளர்ந்திருக்கும், பிரீமியம் கனத்திருக்கும். ஆகவே புதியவர்களுக்கு நாங்கள் சொல்வது இரண்டையும் கலந்த ஏற்பாடு: டிடக்டிபிள் கொஞ்சம் கூடுதலாக உள்ள, உச்சவரம்பு நல்ல உயரத்தில் உள்ள பாலிசி ஒன்று. கூடவே, அந்த டிடக்டிபிளும் பெரிய பில்லில் உங்கள் சதவீதமும் சேர்ந்த தொகை ஒரு தனிக் கணக்கில். மேலே உள்ள 80,000 பில் எடுத்துக்காட்டில் அது 24,000.

இன்ஷூரன்ஸ் வேண்டாம் என்று துணிந்து சொல்லக்கூடியவர்களும் உண்டு. கையில் போதிய தொகை ஏற்கெனவே உள்ளவர்கள். நான்கைந்து பூனை வைத்திருந்து, மொத்தப் பிரீமியத்தைச் சேர்த்தால் ஓராண்டிலேயே ஒரு நல்ல அவசர நிதி உருவாகும் என்ற நிலையில் இருப்பவர்கள். வயதான பிராணியைத் தத்தெடுத்து, அதன் முக்கிய நோய்களெல்லாம் ஏற்கெனவே பதிவில் உள்ளவர்கள். இவர்கள் கட்டும் பிரீமியத்துக்கு ஈடாகக் கிடைப்பது மிகக் கொஞ்சம், அந்தப் பணத்தை நேரடியாகச் சிகிச்சைக்கு வைப்பதே மேல்.

வாங்கிய பிறகு

பாலிசி ஆவணம் வந்ததும், பிடிக்காவிட்டால் ரத்து செய்யலாம் என்று கொடுத்திருக்கும் நாட்களுக்குள் முழுதாகப் படியுங்கள். எதற்கெல்லாம் பணம் கிடையாது என்று சொல்லும் விலக்குகள் பகுதியை முதலில். பல், கர்ப்பம், பிரசவம், மருத்துவ உணவு, பரிசோதனைக் கட்டணம், நடத்தைச் சிகிச்சை ஆகியவை அடிக்கடி விடுபடுபவை. பல்லுக்கு உண்டு என்றிருந்தாலும், ஆண்டுக்கொரு முறை பல் பரிசோதனை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கலாம். கேஸ் ஷீட்டை அனுப்பி, எதெல்லாம் ஏற்கெனவே இருந்த நோயாகக் கருதப்படும் என்று எழுத்தில் பதில் கேளுங்கள். தொலைபேசியில் சொல்வது க்ளெய்ம் நேரத்தில் உதவாது.

முதல் வாரத்திலேயே மருத்துவரிடம் தலை முதல் வால் வரை ஒரு பரிசோதனை செய்து, கண், காது, இதயம், முட்டி, இடுப்பு எல்லாம் சரியாக உள்ளன என்று பதிவிடச் சொல்லுங்கள். பின்னாளில் "இது முன்பே இருந்தது" என்று யாராவது சொன்னால், இந்த ஒரு பக்கம்தான் உங்கள் சாட்சி. தடுப்பூசித் தேதியைத் தவறவிடாதீர்கள். தவறிய தடுப்பூசி எந்த நோயைத் தடுக்குமோ, அந்த நோய்க்கான க்ளெய்ம் பெரும்பாலும் நிற்காது.

க்ளெய்முக்கு மொத்தத் தொகை மட்டும் உள்ள ரசீது போதாது. ஒவ்வொரு மருந்தும் சேவையும் தனித்தனி வரியாக உள்ள பில் வேண்டும், அதில் நோயின் பெயரும் பிராணியின் பெயரும் இருக்க வேண்டும். கடைசித் தேதி இருக்கும், அதைப் பில் வந்த அன்றே குறித்துவையுங்கள். திட்டமிட்ட அறுவையானால் முன் அனுமதி கேளுங்கள். எவ்வளவு வரும் என்பது கத்தி வைப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.

நிராகரித்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். எந்தப் பிரிவின்படி, கேஸ் ஷீட்டின் எந்த வரியை வைத்து மறுத்தார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த வரியை உங்கள் மருத்துவரிடம் காட்டி, பழைய அறிகுறிக்கும் இப்போதைய நோய்க்கும் தொடர்பில்லை என்றால் காரணத்தோடு ஒரு கடிதம் கேளுங்கள். அதோடு மேல்முறையீடு செய்யுங்கள். மருத்துவரின் கடிதம் இல்லாத மேல்முறையீட்டுக்குப் பெரும்பாலும் பழைய பதிலே திரும்பி வரும்.

ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கடிதம் வரும்போது இரண்டைப் பாருங்கள்: பிரீமியம் எவ்வளவு ஏறியிருக்கிறது, சென்ற ஆண்டு வந்த நோய் ஏதாவது விலக்குகளில் புதிதாகச் சேர்ந்திருக்கிறதா. பிராணிக்கு வயதாகி, பிரீமியம் கை மீறிப் போய், நிறுத்திவிடலாமா என்று தோன்றும் காலமும் வரும். தொடர் நோய் ஒன்றுக்கு ஏற்கெனவே பணம் வந்துகொண்டிருந்தால் நிறுத்தாதீர்கள். வேறு எங்கும் அது கிடைக்காது. நோய் ஏதும் இல்லை என்றால், புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்பு, பாலிசி உயிரோடு இருக்கும்போதே, ரத்தம், சிறுநீர், வயிற்று அல்ட்ராசவுண்ட் மூன்றையும் எடுத்துவிடுங்கள். இந்தப் பரிசோதனைச் செலவு உங்களுடையது. ஏதாவது தென்பட்டால் அந்த ஆண்டும் புதுப்பியுங்கள். எல்லாம் சரியாக இருந்து, தனிக் கணக்கில் உள்ள தொகை மருத்துவர் இன்று சொல்லும் பெரிய பில்லைத் தாங்குமானால், பாலிசியை நிறுத்திவிட்டு அந்த மாதப் பிரீமியத்தை அதே தேதியில் அந்தக் கணக்குக்கே மாற்றிவிடலாம்.